மழை நாள் லீவில் சேராது

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பிரகாசம் ஹோட்டலுக்கு அரசாங்கத் தொழில் கந்தோரிலிருந்து சோதனைக்கு ஒரு மிஸ் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த இராக்கம்மா தேங்காய்ப்பூ ஒட்டிய கைகளைக் கழுவிக்கொண்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். யாரோ கடைக்கு எதிராகப் பெட்டிசம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். போன வாரம் பருப்பில் அகப்பட்ட கல்லைப் பற்றியதாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

ஹோட்டல் என்று பலகையில் எழுதியிருந்தாலும் அங்கே தங்குவதற்கு இடம் கிடையாது. ஆறு மேசை, ரோல்சும் வடையும் அடுக்கிய கண்ணாடி அலுமாரி, கல்லாவுக்கு மேலே மாதா படம், பின்னால் அடுப்படி. கல்லாவில் காலையில் முதலாளி றொபின்சன் இருப்பார், மதியத்துக்குப் பிறகு அவருடைய மனைவி ஜெசிந்தினி. அடுப்படி முழுக்க இராக்கம்மாவின் ராச்சியம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிப் பின்பக்கச் சந்து வழியாக உள்ளே நுழைந்தால், சாயந்தர பஸ்ஸுக்குத்தான் அதே சந்து வழியாக வெளியே வருவாள். கடையின் முன்வாசலை மிதிக்க அவளுக்கு அவசியமே வந்ததில்லை.

வந்திருந்த மிஸ்ஸின் பெயர் தனுஜா. குடையை மடக்கிக் கதவோரம் சாத்திவிட்டு, எடுத்த எடுப்பில் கேட்டார்.

"அம்மா, கடைசியா எப்ப லீவு எடுத்தீங்க?"

"லீவெல்லாம் எடுக்குறதில்லீங்க மிஸ். போன மாசம் காய்ச்சல் வந்து ரெண்டு நாள் படுத்துட்டேன். அதுக்கும் சம்பளம் கேக்கல."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். முதலாளிக்கு அது நல்ல பெயர் வாங்கித் தரும் என்று எண்ணம். ஆனால் மிஸ்ஸின் முகம் சுருங்கியது.

"அவங்களுக்கு லீவுன்னாலே ஒத்துவராது மிஸ்" என்று றொபின்சன் சிரித்தார். "வீட்டுல சும்மா இருந்தா சீக்கு வந்துரும்."

"ஒத்துவருதா இல்லையான்னு சட்டம் கேக்கலீங்க. கடையில வேல செய்றவங்களுக்கு வருஷத்துக்குப் பதினாலு நாள் லீவு. நாள் சம்பளமா இருந்தாலும் சரி, மாசச் சம்பளமா இருந்தாலும் சரி, அந்தப் பதினாலு நாளைக்கும் சம்பளம் குடுக்கணும்."

றொபின்சன் தாடையைச் சொறிந்தார். "புதுசா சேந்தவங்களுக்குமா?"

"மொத வருஷம்னா சேந்த மாசத்தப் பொறுத்தது. ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள சேந்திருந்தா அடுத்த வருஷம் முழுசா பதினாலு. ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ளன்னா பத்து. ஜூலைல இருந்து செப்டம்பருக்குள்ள ஏழு. அக்டோபர்லயோ அதுக்குப் பிறகோ சேந்தா நாலு நாள்."

"இவங்க அக்டோபர்லதான் சேந்தாங்க" என்றார் றொபின்சன்.

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவள் அக்டோபரில்தான் சேர்ந்தாள். எந்த அக்டோபர் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இராக்கம்மாவுக்கு வாய்வரை வந்தது. முதலாளி முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். மூலை மேசையில் பருப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் மர்ஸூக்குக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியவில்லை.

"என்ன மொதலாளி சொல்றீங்க? எட்டு வருஷமா இவங்கட ரொட்டிதானே நான் தின்னுறேன்!"

மிஸ் தனுஜா சிரிக்கவில்லை. ஆனால் எழுதினார். "இந்த வருஷத்து லீவ இந்த வருஷத்துக்குள்ளயே குடுத்துருங்க. அதுல ஏழு நாளாவது தொடர்ச்சியா இருக்கணும். இன்னைக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணுன்னு கிள்ளிக் குடுக்க ஏலாது. அந்த நாள்ல அவங்கள வேலைக்குக் கூப்பிடவும் கூடாது. நான் திரும்ப வந்து பாப்பேன்."

குடையை விரித்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

டிசம்பர் பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது. கிறிஸ்து பிறந்த நத்தார் பண்டிகை நெருங்கினால் கூட்டம் கூடும். அதற்கு முன்னாலேயே இந்தத் தொல்லையைத் தீர்த்துவிடலாம் என்று றொபின்சன் முடிவு செய்தார். அடுத்த திங்கட்கிழமை தொடங்கி ஏழு வேலை நாள்; மீதி ஏழை வருடம் முடிவதற்குள் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறு கடை எப்படியும் பூட்டு.

"அந்த ஏழு நாள் சம்பளத்த முன்னாடியே குடுத்துருங்களேன்" என்று ஜெசிந்தினி சொல்லிப் பார்த்தாள்.

"மொத்தமா குடுத்தா கையில நிக்காது" என்றார் றொபின்சன், ஏதோ இராக்கம்மாவின் நன்மைக்காகச் சொல்வதுபோல. "எப்பவும்போல அன்னன்னைக்குச் சாயந்தரம் வந்து வாங்கிக்க, இராக்கம்மா."

அவள் தலையாட்டினாள். ரொட்டிக்கு யார் என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான். மாவும் தேங்காயும் தண்ணியும்தானே? இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

ஏழு நாளும் வீட்டில் இருப்பது இராக்கம்மாவுக்கும் அவ்வளவு இனிப்பாகத் தோன்றவில்லை. புருஷன் அழகையா தோட்டத்து பெக்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவள் வீட்டில் நிற்கிறாள் என்று தெரிந்தால் போதும், மணிக்கொரு தரம் தொண்டையைச் செருமுவார். அதற்கு டீ என்று பொருள். விறகு பொறுக்கப் போகிறவர்கள் கூப்பிடுவார்கள். கூரைத் தகரம் ஒழுகுவது கண்ணில் படும். அத்தோடு, சாயந்தரம் சம்பளம் வாங்கப் போக வேண்டுமென்றால் பஸ் வேண்டும். தோட்டத்திலிருந்து கீழே இறங்கும் பஸ் காலையில் ஒன்றுதான். மேலே ஏறுவது சாயந்தரம் ஒன்று. இடையில் வேண்டுமானால் கொழுந்து லொறியைப் பிடிக்கலாம். அதுவும் சாக்குக்கு மேல் உட்கார்ந்து.

எனவே திங்கட்கிழமை காலை வழக்கமான பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். வழக்கத்துக்கு மாறாக, கலியாணத்துக்குக் கட்டும் நீலச் சேலையில் இருந்தாள். பின்சந்துப் பக்கம் தன்னால் திரும்பிய காலை நிறுத்தி, தெருவைக் கடந்து, முன்வாசல் வழியாக நுழைந்து, ரோட்டைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தாள்.

றொபின்சன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மூக்கில் மாவு.

"வந்துட்டியா! எனக்குத் தெரியும், உன்னால இருக்க முடியாதுன்னு. வா வா, இந்தத் தேங்காச் சம்பல மட்டும் இடிச்சுத் தா."

"நான் லீவுங்க மொதலாளி. சம்பளம் வாங்க வந்தேன்."

"அது சாயந்தரம்தானே?"

"பஸ் காலையிலதானே?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "சரி, சும்மா உக்காந்திருக்கிற நேரத்துக்குச் சம்பல இடிச்சா என்ன கொறஞ்சு போயிருவ?"

"அய்யோ, கூடாதுங்க. லீவுல இருக்கிறவங்க கடைச் சாமான்ல கை வச்சா கடைக்கே சீல் வச்சிருவாங்களாம். அந்த மிஸ் சொன்னாங்க."

வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்பது மட்டும்தான் மிஸ் சொன்னது. சீல் விஷயம் இராக்கம்மாவின் வாயிலிருந்து தானாகவே வழுக்கி விழுந்தது. விழுந்த பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. ஆனால் றொபின்சன் கையிலிருந்த உலக்கையை ஏதோ பாம்பைப் போலப் பார்த்துவிட்டுப் பின்னால் எடுத்துக்கொண்டு போனதைக் கண்டதும், பயம் போய் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. முன்பின் ருசித்திராத ஒன்று.

கொஞ்ச நேரம் கழித்து, கல்லாப் பக்கம் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வேல செய்ற நாள்ல குடுக்கிற டீயும் சாப்பாடும் லீவு நாள்லயும் குடுக்கணுமாம்."

அது நியாயம்போலத்தான் பட்டது. றொபின்சன் பிளேன்டீ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"லீவுக்குப் பால் டீயாம்" என்றாள் இராக்கம்மா.

கல்லாவுக்குப் பின்னால் ஜெசிந்தினி சட்டென்று குனிந்து சில்லறைப் பெட்டியில் எதையோ தேடத் தொடங்கினாள். தோள் மட்டும் குலுங்கியது.

அன்றைக்கு றொபின்சன் சுட்ட ரொட்டியைப் பற்றி பஸ் நிலையத்தில் பல விதமாகப் பேசிக்கொண்டார்கள். ஆட்டோ சக்கரத்துக்குக் கல் வைக்க உதவும் என்றார் மர்ஸூக். வந்தவர்கள் எல்லோரும் இராக்கம்மாவை முன்மேசையில் பார்த்து, "என்னக்கா, கடைய வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்கள். அவள் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்று, தட்டைத் தள்ளி வைத்தாள். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கடை காலியாகும் என்று றொபின்சன் பயந்தார். நடந்தது வேறு. லீவில் இருக்கும் இராக்கம்மாவைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். ரொட்டியைத் தொடாமல் டீயும் வடையுமாக வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சாயந்தரம் சம்பளத்தை நீட்டும்போது றொபின்சன் முறைத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர், "என்னா, இன்னைக்கும் வந்துட்ட?" என்றார்.

அவள் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டாள். "மொதலாளி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. லீவுல இருக்கிறவங்கள நீ, வா, போன்னு பேசக்கூடாதாம். அந்த ஏழு நாளும் நீங்க, வாங்கன்னுதான் பேசணுமாம். யாராச்சும் கேட்டு, போய்ச் சொல்லிட்டா பிரச்சின உங்களுக்குத்தானே?"

இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம். வரவில்லை. சொல்லி முடித்ததும் நீலச் சேலையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள்.

றொபின்சன் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசைகளில் எல்லாக் கண்ணும் அவர்மேல் இருந்தது. அன்றைக்கு அக்டோபர் என்று சொன்னதிலிருந்து தொழில் கந்தோர் என்றாலே அவருக்குப் பயம்.

"சரி… வாங்க" என்றார். "உக்காருங்க."

"நன்றிங்க" என்றாள் இராக்கம்மா.

புதன்கிழமை மழை பிடித்தது. டிசம்பரில் பசறைக்கு மழை புதிதல்ல. வியாழனும் மழை. பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வளைவுகளில் ஊர்ந்து வந்தன. றொபின்சனின் வலது கையில் இரண்டு இடத்தில் சுட்ட காயம். வெள்ளைத் துணி சுற்றியிருந்தார். மாவு மட்டும் இன்னும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"நாலு நாள் போச்சு" என்று அவர் ஜெசிந்தினியிடம் தேறுதலாகச் சொன்னார். "இன்னும் மூணே மூணு நாள். நாளைக்கு, நாளன்னைக்கு, திங்கக்கிழம. பிறகு ஆள் அடுப்படிக்கு வந்துரும்."

இராக்கம்மா பால் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் மூன்று நாளில் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் வெளியே மழை அப்படிக் கொட்டியது. அவளுக்கு ஆசை விடவில்லை.

"மழை பெஞ்ச நாள் லீவுல சேராதுங்களே மொதலாளி" என்றாள். "நேத்தும் இன்னைக்கும் கணக்குல இல்ல. ரெண்டு நாள்தான் ஆகுது."

றொபின்சன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னா சொல்றீங்க?"

"மழையில யாரு லீவ அனுபவிக்க முடியும்? அதனால அப்புடி வச்சிருக்காங்களாம்."

அவர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். நமுனுகுல மலை இருக்கும் திசையே தெரியவில்லை. இந்த மழை தைக்கு முன்னால் விடப்போவதில்லை. நத்தார், புதுவருடம், பொங்கல் எல்லாவற்றுக்கும் தன் கையால் ரொட்டி சுடுவதை அவர் மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். முகம் சாம்பல் பூத்தது.

வெள்ளிக்கிழமை காலை இராக்கம்மா வந்து உட்கார்ந்தபோது கல்லாவில் ஜெசிந்தினி மட்டும்தான் இருந்தாள்.

"மொதலாளி எங்கம்மா?"

"மொத பஸ்ஸுல பதுளைக்குப் போயிட்டாரு. தொழில் கந்தோருக்கு. மழைக் கணக்க நேர்ல கேட்டுட்டு வாறாராம்."

இராக்கம்மாவுக்கு வாயில் இருந்த டீ கசந்தது. சீல், பால் டீ, நீங்க, மழை, எல்லாமே இப்போது அந்த மிஸ்ஸின் மேசைமேல் வரிசையாக வந்து நிற்கும். எழுந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். அடுத்த பஸ் சாயந்தரம்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரிய வேன் வந்து நின்றது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து சுற்றுலா வந்த கூட்டம். நனைந்துபோய் இறங்கி, ஆறு மேசையையும் நிறைத்துக்கொண்டு, சுடச்சுட ரொட்டி வேண்டும் என்றார்கள். ஜெசிந்தினி அடுப்படிக்கும் கல்லாவுக்குமாக ஓடினாள். மாவைக் கொட்டினாள். தண்ணீர் கூடிவிட்டது. மறுபடி மாவைக் கொட்டினாள்.

"இராக்கம்மாக்கா…" என்று வாசற்படியில் நின்று பார்த்தாள். கேட்கவில்லை. பார்வை மட்டும்தான்.

இராக்கம்மாவின் கைகள் மடியில் கிடந்து துடித்தன. எழுந்தால் இவ்வளவு நாள் சொன்னதெல்லாம் பொய் என்று தானே ஒப்புக்கொண்டதாகும். உட்கார்ந்திருந்தால் இந்தப் பிள்ளை அழுதுவிடும். கண்ணை ஓட்டினாள். மூலையில் மர்ஸூக்.

"தம்பி மர்ஸூக், எந்திரி. நீ லீவு இல்லதானே?"

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"உனக்குத் தெரிய வேணாம். நான் சொல்றேன். சொல்றதுக்குத் தடையில்ல."

நாற்காலியை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்தே ஆட்சி நடந்தது. "உப்பப் போடு. அவ்வளவு இல்ல, அள்ளினதுல பாதி. தேங்காப்பூவ மொதல்ல மாவோட பெசறு, பிறகுதான் தண்ணி. அதென்ன ஆட்டோ ஸ்டியரிங்கா, அப்புடிப் புடிக்கிற? கையை விரி." மர்ஸூக்குக்கு வேர்த்துக் கொட்டியது. முதல் ரொட்டி இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. இரண்டாவது கொஞ்சம் வட்டம். பத்தாவது தட்டுக்குப் போனபோது வேன்காரர்கள் இன்னும் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்கள். போகும்போது ஒரு அம்மா அடுப்படி வாசலில் வந்து, "ரொட்டி நல்லாயிருந்திச்சு" என்று இராக்கம்மாவிடம் சொன்னார். மர்ஸூக் உள்ளேயிருந்து, "நான்தான் சுட்டேன்!" என்று கூவினார்.

வேன் கிளம்பிய பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இராக்கம்மாவுக்குப் பதுளை ஞாபகம் வந்துவிட்டது.

றொபின்சன் வந்து சேர்ந்தபோது மணி மூன்று இருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நேராக வந்து இராக்கம்மாவின் மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அப்படி அவர் அவளுக்கு எதிரே உட்கார்வது அதுதான் முதல் தடவை. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

"தைப்பொங்கலுக்கு வேல செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

மழையைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தவள் குழம்பினாள். "செஞ்சேங்க. வீட்டுல பொங்கி வச்சுட்டு லொறியப் புடிச்சு வந்தேனே."

"சுதந்திர தினம்?"

"அன்னைக்கும்தான்."

"மே தினம்?"

"கூட்டத்துக்கு வந்தவங்க எல்லாம் நம்ம கடையிலதானே சாப்பிட்டாங்க. இடுப்பு ஒடிஞ்சு போச்சே."

"மீலாது நபி, வருஷப் பொறப்பு, அதுக்கு முந்தின நாள், வெசாக்குக்கு மறுநாள்… எல்லாத்துக்கும் செஞ்சிருக்கீங்க." அவர் பெருமூச்சு விட்டார். "அந்த மிஸ் என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. நானாத்தான் வாயக் குடுத்தேன். மழைக் கணக்கக் கேட்டுட்டுச் சும்மா வந்திருக்கலாம். ஞாயித்துக்கிழமையையும் நத்தாரையும் தவிர எங்க கடைக்குப் பூட்டே கிடையாது மிஸ்னு பெரும பேசிட்டேன். அவங்க பேனாவ எடுத்துட்டாங்க."

"எதுக்குங்க?"

"அந்த நாளெல்லாம் சம்பளத்தோட லீவு குடுக்கவேண்டிய நாளாம். வேல செய்யச் சொன்னா, வருஷம் முடியிறதுக்குள்ள அதுக்குப் பதிலா ஒருநாள் லீவு குடுக்கணும். இல்லாட்டி அந்த நாளுக்கு ரெட்டைச் சம்பளம். நான் ஒத்தைதானே குடுத்தேன்? மிச்ச ஒண்ணு நிக்குது. பௌர்ணமி போயாவுக்கு வேல செஞ்சா ஒண்ணர நாள் சம்பளம். அதுலயும் மாசா மாசம் அரை நாள் நிக்குது."

இராக்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டிச் சிரித்தாள்.

"போங்க மொதலாளி. இதெல்லாம் நம்புவேனா? நானும் இப்புடித்தானே மழையைச் சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். ஜெசிந்தினி கல்லாவில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

றொபின்சனின் முகம் சிவந்தது. "அப்ப ஒத்துக்கிறீங்க. மழை பொய். பால் டீ பொய். சீலும் பொய். ஒவ்வொண்ணா நான் கேக்கக் கேக்க அந்த மிஸ்ஸுக்குச் சிரிப்பு அடங்கல. பக்கத்து மேசையில இருந்தவங்களையும் கூப்பிட்டு இன்னொரு தடவ சொல்லச் சொன்னாங்க."

"மன்னிச்சுக்குங்க மொதலாளி. தெரியாம…"

"என்னா தெரியாம? நல்லாத் தெரிஞ்சுதான் சொன்னீங்க."

"ஆமாங்க" என்றாள். "தெரிஞ்சுதான் சொன்னேன். நீங்க அக்டோபர்னு சொன்னீங்களே, அன்னைக்கு."

அவர் துணி சுற்றிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் அவருடைய மீசை ஓரத்தில் ஏதோ அசைந்தது; கோபம் மாதிரி தெரியவில்லை.

இராக்கம்மாவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. தன்னைப் பழிவாங்கத்தான் அவரும் ஒரு சட்டத்தை உண்டாக்கிக்கொண்டு வந்திருக்கிறார், நம்பிக் கை நீட்டினால் கடை முழுக்கச் சிரிக்கும் என்று தோன்றியது. ஒன்றைக் கேட்டுப் பார்த்தாள்.

"தீபாவளிக்கும் வேல செஞ்சேனே. அதுக்கு?"

"தீபாவளி கடைக்காரங்க கணக்குல இல்லையாம். கந்தோருக்கும் பேங்குக்கும்தான் அது லீவு. நானும் கேட்டேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நீங்க சொல்றது நெசந்தான். இட்டுக்கட்டிச் சொல்றதா இருந்தா தீபாவளிய விட்டிருக்க மாட்டீங்க."

பொங்கலுக்கும் மே தினத்துக்கும் தனக்கு வரவேண்டியது இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு கோப்பைப் பாலுக்காக நான்கு நாள் பொய் சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்தாள். இத்தனை பெரியதைச் சட்டம் தானாகவே எழுதி வைத்திருக்கும்போது, தனக்குச் சொல்லத் தோன்றியதெல்லாம் எவ்வளவு சின்னது! கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் ஆத்திரமாகவும் இருந்தது. எட்டு வருடம் என்பது சின்ன விஷயமா?

"இந்த வருஷத்துக்கு மட்டுந்தானா?" என்று கேட்டாள்.

"மொதல்ல இந்த வருஷத்த முடிப்போம்" என்று றொபின்சன் அவசரமாகச் சொன்னார். "இப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அந்த நாளுக்கெல்லாம் பதிலா இந்த மாசமே லீவு குடுக்கலாம். கையில இருந்து காசு போகாது…"

"காசையே குடுங்க" என்று ஜெசிந்தினி கல்லாவிலிருந்து சொன்னாள். "உங்க ரொட்டிய இன்னொரு கிழமை சாப்பிட இந்த ஊருல ஆளில்ல."

மர்ஸூக் அதை ஆமோதித்தார். காசு என்று முடிவானது. பாதி நத்தாருக்கு முன்னால், மீதி ஜனவரியில். மிச்சமிருந்த இரண்டு நாள் லீவுச் சம்பளத்தையும் அப்போதே எண்ணிக் கொடுத்தார் றொபின்சன். "இனி காலங்காத்தால வந்து எனக்கு முன்னால உக்காராதீங்க, புண்ணியமாப் போகும்" என்றார். 'நீங்க' என்று சொல்லச் சட்டம் இல்லை என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். இருந்தும் வாய் அப்படியே பழகிவிட்டிருந்தது. அவள் அதைக் கவனித்தாள். எடுத்துச் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்று பேசாமல் இருந்தாள்.

"நாளைக்கு என்னா செய்யப்போறீங்க இராக்கம்மாக்கா?" என்று ஜெசிந்தினி கேட்டாள்.

"வீட்டுல இருந்தா மனுசன் டீ கேட்டே கொன்னுருவாரு. பதுளைக்குப் போயிட்டு வரலாம்னு பாக்குறேன். சும்மா. சாமான் எதுவும் வாங்க இல்ல."

"நானும் வாறேன்."

றொபின்சன் திரும்பினார். "கல்லாவ யாரு பாக்குறது?"

"நீங்க இருக்கீங்களே."

"பெண்சாதிக்கு அந்தச் சட்டம் இல்ல. நீ கேப்பேன்னு தெரிஞ்சு அதையும் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"சட்டம் இல்லாட்டி நல்லதாப் போச்சு" என்றாள் ஜெசிந்தினி. "யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

சனிக்கிழமை இரண்டு பேரும் பதுளை போனார்கள். மணிக்கூண்டுப் பக்கம் நடந்தார்கள், வளையல் கடைகளில் விலை கேட்டார்கள், ஒன்றும் வாங்கவில்லை. பசித்தபோது ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போய், மேசையைத் துடைக்கச் சொல்லி, ரொட்டிக்குச் சொன்னார்கள். ரொட்டி மெத்தென்று இருந்தது. இராக்கம்மா ஒரு விள்ளலை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"இதச் சுட்ட கை நல்ல கை" என்றாள்.

கை கழுவப் பின்னால் போனவள் திரும்பி வர நேரமாயிற்று. ஜெசிந்தினி எட்டிப் பார்த்தாள். அடுப்படி வாசலில் றஷீதா என்று ஒரு பெண், மாவுக் கையோடு, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். இராக்கம்மா விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா சொல்லிக்கிட்டிருந்தீங்க?" என்று ஜெசிந்தினி பிறகு கேட்டாள்.

"சத்தியமா நெசத்த மட்டுந்தான் சொன்னேன்."

பில் கொடுத்துவிட்டுக் கிளம்பும் நேரம் றஷீதா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவரைக் கவனிக்காமல் அவள் மேசையருகே வந்து குனிந்தாள்.

"அக்கா, போறதுக்கு முன்னுக்கு அந்தப் பொங்கல் கணக்க மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்களேன். உள்ள ரெண்டு பேர் கேக்குறாங்க."

இராக்கம்மா ஜெசிந்தினியைப் பார்த்தாள். ஜெசிந்தினி கைப்பையை மறுபடி மேசைமேல் வைத்தாள்.